அடுக்களையும் தேசமும்: தொலைக்காட்சிச் சமையற் கலைஞர் ஃபூ பெய்மெய் பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

நிலவுடைமை, நெல் உற்பத்தி, தானிய விலை, பஞ்சம் ஆகியன பற்றி வரலாற்றாசிரியர்கள் விரிவாக எழுதியுள்ளனர். விளைந்த தானியம் உண்ணத்தக்க உணவாக மாறும் இடமாகிய அடுக்களையோ நீண்டகாலம் வரலாற்றாய்வின் எல்லைக்குப் புறத்தேயே நின்றது. கூலி பெறாத உழைப்பு கணக்கேடுகளிற் பதிவாவதில்லை. பதிவாகாத உழைப்பு ஆய்வாளரின் கண்ணுக்கும் எளிதிற் புலப்படுவதில்லை. பெண்களின் வீட்டுழைப்புப் பற்றிய நமது அறிவு குறைபாடுடையதாக இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம் எனலாம்.

இவ்வகையில் நோக்கும்பொழுது, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தோன்றிய ஒரு புதிய சமூகப் பாத்திரமாகிய தொலைக்காட்சிச் சமையற் கலைஞர் தனிக் கவனத்துக்குரியவராகின்றார். மூடிய கதவுக்குள் நிகழ்ந்துவந்த உழைப்பு அவர்மூலம் பொது அரங்குக்கு வருகின்றது. இங்கிலாந்தில் 1937ஆம் ஆண்டிலேயே சேவியர் மார்சல் பூலஸ்டின் என்னும் பிரெஞ்சுக்காரர் பி.பி.சி. தொலைக்காட்சியிற் சமைத்துக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1946இல், அங்கு பிலிப் ஹார்பனும் அமெரிக்காவில் ஜேம்ஸ் பேர்டும் அத்தொழிலைத் தொடர்ந்தனர். இவர்கள் அனைவரும் ஆண்கள் என்பதும், நிலைபெற்ற நாடுகளின் நிலைபெற்ற மத்தியதர வர்க்கத்தை நோக்கிப் பேசியவர்கள் என்பதும் அவதானிக்கத்தக்கன.

இக்கட்டுரை இவர்களினின்றும் வேறுபட்ட ஒருவரின் வாழ்வை எடுத்துக்கொள்கின்றது. தாய்வானில் 1962 தொடக்கம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தொலைக்காட்சியிற் சமையல் கற்பித்த ஃபூ பெய்மெய் (1931-2004) ஒரு பெண், நாடுபெயர்ந்து வந்தவர், திருமணமாகும்வரை சமைக்கத் தெரியாதவர். அவருடைய வாழ்க்கை இரு வினாக்களை எழுப்புகின்றது. நிலத்தை இழந்த ஒரு சமூகம் தன் உணவைக்கொண்டு தேசத்தை எவ்வாறு மீளக் கட்டமைக்க முயன்றது என்பது ஒன்று. அம்முயற்சியின் சுமை எவர் தோளில் இறங்கியது என்பது மற்றொன்று. இரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி அவருடைய பங்களிப்பைச் சரிவர மதிப்பிட இயலாது.

2

தாய்வானின் அக்காலச் சமூக அமைப்பைச் சுருக்கமாக நோக்குதல் இவ்விடத்து அவசியமாகும். 1895 முதல் 1945 வரை அத்தீவு யப்பானின் குடியேற்றமாக இருந்தது. யப்பானின் தோல்விக்குப்பின் அது சீனக் குடியரசின் ஆளுகைக்குட்பட்டது. புதிய நிருவாகத்துக்கும் தீவின் மக்களுக்குமிடையே மூண்ட முரண்பாடு 1947 பெப்ரவரி 28இல் வெடித்தெழுந்து, கொடிய முறையில் ஒடுக்கப்பட்டது. உள்நாட்டுப் போரிலே தோல்வியுற்ற சியாங் காய் ஷேக்கின் கோமின்டாங் அரசு 1949இல் தாய்வானுக்குப் பின்வாங்கியபோது, படையினரும் அரசாங்க உத்தியோகத்தரும் அவர்தம் குடும்பத்தினருமாகப் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் உடன் சென்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் விதிக்கப்பட்ட இராணுவச் சட்டம் 1987 யூலை வரை நீடித்தது.

இப்பெயர்வு உணவு வரலாற்றிலே முன்னொருபோதும் காணாத ஒரு நிலையைத் தோற்றுவித்தது. சீனா போன்ற பரந்த நாட்டில் ஒரு மாகாணத்தவரின் உணவு மறு மாகாணத்தவருக்கு அந்நியமானது. வடக்கே கோதுமை மாவும் தெற்கே அரிசியும் அடிப்படை உணவுகள். சிச்சுவானின் காரம் ஷங்காய்க்காரரின் நாவுக்கு ஒவ்வாதது. ஆனால் தாய்ப்பே நகரிலோ இம்மாகாணத்தார் அனைவரும் அடுத்தடுத்த தெருக்களிற் குடியேறினர். தளபதிகளும் உயர் உத்தியோகத்தரும் தத்தம் சமையற்காரரையும் அழைத்துச் சென்றிருந்தனர். எசமானர்களின் செல்வம் குன்றியபின் அச்சமையற்காரர் பலர் உணவகங்களைத் திறந்தனர். ஹூனான் மாகாணத்தவரான பெங் சாங்குவெய் இத்தகையோருள் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்காவெங்கும் சீன உணவின் சின்னமாகப் பரவிய 'ஜெனரல் சோ கோழி' என்னும் பதார்த்தம் அவர் தாய்வானில் ஆக்கியதேயாகும். ஹூனானின் பெயரைத் தாங்கிய அப்பதார்த்தத்தை ஹூனான் மக்கள் அறிந்திருக்கவில்லை. பிரிந்த நிலத்தின் நினைவு புதிய நிலத்திற் புதிய பொருளை ஆக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உணவகங்களின் நிலை இவ்வாறிருக்க, வீடுகளின் நிலை வேறாக இருந்தது. மரபுவழிச் சமூகத்திற் சமையல் தாயிடமிருந்து மகளுக்கும் மாமியிடமிருந்து மருமகளுக்கும் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் வந்தடைவது. வசதி படைத்த குடும்பங்களில் அதனை வேலையாட்களே செய்தனர். 1949இன் பெயர்வு இவ்விரு வழிகளையும் அறுத்தது. தாயும் மாமியும் கடலுக்கு அப்பால் தங்கிவிட்டனர். வேலையாள் வைத்துக்கொள்ளும் வசதி பெரும்பாலோர்க்கு இல்லாதொழிந்தது. இளம் பெண்ணொருத்தி அறிமுகமற்ற ஊரில், அறிமுகமற்ற காய்கறிகளுடன், தனக்கு எவரும் கற்பித்திராத ஒரு தொழிலைத் தனித்துச் செய்யவேண்டியவளானாள். ஃபூ பெய்மெய்யின் வருகைக்கான சமூகத் தேவை இங்குதான் உருவாயிற்று.

3

ஃபூ பெய்மெய் 1931இல் வடகிழக்குச் சீனாவின் துறைமுக நகராகிய டாலியனிற் பிறந்தார். அவருடைய குடும்பத்தின் பூர்வீகம் ஷாண்டொங் மாகாணத்தின் ஃபூஷான். அது பெயர்பெற்ற சமையற்காரரைத் தந்த பகுதியாயினும், வணிகரின் மகளாகிய அவர் அடுப்படிக்குச் சென்று பழகவில்லை. டாலியன் 1905 முதல் 1945 வரை யப்பானியரின் ஆட்சிக்குட்பட்டிருந்தமையால், அவர் யப்பானிய மொழியிலே கல்வி கற்றார். குடியேற்ற ஆட்சி திணித்த அம்மொழி பிற்காலத்தில் அவருக்குத் தொழிற் கருவியாகப் பயன்பட்டமையைப் பின்னர் காண்போம்.

1949இல் தாய்வானை வந்தடைந்த அவர் சிலகாலம் தட்டெழுத்தாளராகப் பணியாற்றினார். கப்பற் கம்பனியொன்றின் உத்தியோகத்தரைத் திருமணஞ் செய்து இல்லறம் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது அளவே. கணவர் நண்பர்களை வீட்டுக்கு அழைத்து மாஜோங் ஆடுவது வழக்கம். விருந்தினருக்கு வைத்த உணவு சுவையற்றிருந்தமையால் கணவர் குறைகூறினார். இதனை ஃபூ தமது தன்வரலாற்றிலே விரிவாகக் கூறியுள்ளார். மனமுடைந்த அவர் செய்த செயல் அக்காலப் பெண்ணொருத்திக்கு அசாதாரணமானது. சீதனமாகப் பெற்ற தங்கத்தைச் செலவிட்டு, தாய்ப்பேயின் உணவகச் சமையற்காரர் பலரை ஒவ்வொருவராக வீட்டுக்கு அழைத்து, அவர்தம் கைத்தொழிலைக் கற்றார். இப்பயிற்சி ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்தது.

இந்நிகழ்ச்சியைக் கணவனை மகிழ்விக்க முயன்ற மனைவியின் கதையாக மட்டும் கொள்ளும் வழக்கம் உண்டு. ஃபூவே அவ்வாறு கூற விரும்பியவர். எனினும் இதன் சமூகப் பொருள் அதனினும் ஆழமானது. உணவகச் சமையல் என்பது ஆண்களின் தொழில். குருவின் கீழ்ப் பல்லாண்டு அடிமைபோல் உழைத்துப் பெறும் தொழில் இரகசியம். அச்சமையற்காரரிற் பலர் எழுத்தறிவு குறைந்தவர், அளவு கூறாதவர், கேட்டதை விளக்கும் வழக்கமில்லாதவர். கல்வி கற்ற நகரத்துப் பெண் ஒருத்தி பணங்கொடுத்து அவர்கள் அருகே நின்று, பார்த்து, குறித்து, மீண்டும் மீண்டும் செய்து பார்த்தமையால், தொழிற்குழு ஒன்றின் மூடிய அறிவு எழுத்தறிவுள்ள மத்தியதர வர்க்கத்தின் பொது அறிவாக மாறத் தொடங்கியது. சீதனத் தங்கம் கல்விக்கான முதலாயிற்று. அவ்வாறு கற்றுக்கொடுத்த சமையற்காரரின் பெயர்கள் பொது நினைவில் நிலைக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

கற்ற கலையை நண்பர்க்கும் அயலவர்க்கும் கற்பிக்கத் தொடங்கிய அவர், 1950களின் நடுப்பகுதியில் தம் வீட்டு முற்றத்திலேயே சமையல் வகுப்பு நடத்தினார். நாடுபெயர்ந்து வந்த குடும்பப் பெண்களே முதலில் அதிகமாக வந்தனர். அக்காலத்திற் சமையல் நூல் எழுதிய வேறு பெண்களும் தாய்வானில் இருந்தனர்; ஆகவே ஃபூ தனித்துத் தோன்றிய அதிசயம் அல்லர். சமூகத் தேவை ஒன்று முதிர்ந்திருந்தது. புதிய சாதனமொன்று அத்தேவையை அவரிடம் கொண்டுவந்து சேர்த்தது.

4

1962 ஒக்டோபர் 10ஆம் திகதி தாய்வான் தொலைக்காட்சி நிறுவனம் ஒளிபரப்பைத் தொடங்கியது. மாகாண அரசும் யப்பானிய நிறுவனங்கள் சிலவும் முதலிட்டு அமைத்த நிறுவனம் அது. அவ்வாண்டிலேயே ஃபூ அதன் நிகழ்ச்சியிற் சமைக்க அழைக்கப்பட்டார். கறுப்பு வெள்ளைப் படம், நேரடி ஒளிபரப்பு, சமையலுக்கென அமைந்த கலையகம் இல்லை. பாத்திரங்களையும் பொருள்களையும் வீட்டிலிருந்தே சுமந்து செல்லவேண்டியிருந்தது. முதல் நாள், அணிற் பிள்ளையின் வால்போல் விரியுமாறு மீனை வெட்டிப் பொரிக்கும் கடினமான பதார்த்தம் ஒன்றை அவர் தெரிந்தெடுத்தார். கத்தியை எடுத்துச் செல்ல மறந்து, இரவல் பெற்ற மொட்டைக் கத்தியால் அதனை வெட்டி முடித்ததாக அவரே பின்னர் எழுதினார்.

அமெரிக்காவின் ஜூலியா சைல்டோடு ஃபூவை ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. நியூ யோர்க் ரைம்ஸ் 1971இல் அவ்வொப்பீட்டைச் செய்தபின் அது நிலைத்துவிட்டது. சைல்டின் சோதனை நிகழ்ச்சிகள் 1962 கோடையில் ஒளிபரப்பாயின. 'த ஃப்ரெஞ்ச் ஷெஃப்' என்னும் தொடர் 1963 பெப்ரவரியிலேயே ஆரம்பமாயிற்று. அத்தொடர் தொடங்குமுன்னரே ஃபூ தாய்ப்பேயிற் சமைத்துக்கொண்டிருந்தார். எனவே ஒருவரை மற்றவரின் நிழலாகக் கருதுவதற்கு ஆதாரமில்லை. இருவருக்குமிடையே அடிப்படை வேறுபாடும் உண்டு. சைல்ட் பிறநாட்டு உணவொன்றைத் தம் நாட்டவர்க்கு ஓய்வுநேர இன்பமாக அறிமுகஞ் செய்தார். ஃபூ, தம் மக்களுடையதென்று கூறப்பட்ட உணவை, அதனைச் செய்யும் வழியை இழந்தவர்க்கு அன்றாடத் தேவையாகக் கற்பித்தார்.

தொலைக்காட்சி சமையலறிவின் இயல்பையே மாற்றியது. கைப்பக்குவம் என்று முன்னர் கூறப்பட்டதை மேசைக்கரண்டி, கோப்பை, நிமிடம் என்னும் அளவுகளாகப் பகுக்கவேண்டியிருந்தது. எண்ணெய் எவ்வளவு காய்ந்திருக்கவேண்டும், வெங்காயத்தாளை எப்பொழுது இடவேண்டும் என்பவற்றுக்கெல்லாம் காரணங் கூறவேண்டியிருந்தது. ஃபூவின் ஆற்றல் இவ்விளக்கத்திலேயே வெளிப்பட்டது. கை வேலை செய்ய, வாய் இடைவிடாது விளக்க, குறித்த நேரத்துக்குள் பதார்த்தம் முடிந்திருக்கும்.

இதற்குப் பொருளியற் பின்னணியும் உண்டு. 1951 முதல் 1965 வரை அமெரிக்கப் பொருளுதவி தாய்வானுக்குக் கிடைத்தது. அதன் ஒரு பகுதி கோதுமையாக வந்தது. தாத்துங் நிறுவனத்தின் மின்சார ரைஸ் குக்கர் 1960இல் விற்பனைக்கு வந்தது. கரியடுப்பின் இடத்தை வாயு அடுப்புப் படிப்படியாகப் பெற்றது. சோற்றைப் பொறி பார்த்துக்கொள்ள, பெண்ணின் கை கறிகளின் பக்கம் திரும்பியது. புதிய அடுப்பும் புதிய பாத்திரமும் புதிய பயிற்சியை வேண்டின. நுகர்வுச் சந்தையும் சமையற் கல்வியும் ஒன்றையொன்று வளர்த்தன என்பது தெளிவு.

மொழிப் பிரச்சினையும் இங்கு கருதத்தக்கது. ஃபூ மண்டரின் மொழியிற் பேசினார். தீவின் பெரும்பான்மையோரின் வீட்டுமொழி ஹொக்லோ. ஹக்கா பேசுவோரும் ஆதிக்குடிகளும் அங்கு வாழ்ந்தனர். 1976இன் ஒலி, ஒளிபரப்புச் சட்டம் மண்டரினைப் பிரதான மொழியாக வலியுறுத்தி, ஏனைய மொழிகளின் நேரத்தைப் படிப்படியாகக் குறைக்கும்படி விதித்தது. மீன் பொரிக்கக் கற்ற பெண், ஆட்சியாளரின் மொழியையும் உடன் கேட்டுப் பழகினாள். நோக்கம் எதுவாயினும் அடுக்களை நிகழ்ச்சி மொழிக்கொள்கையின் ஒரு வாயிலாகவும் அமைந்தது.

5

1969இல் 'பெய்மெய்யின் சீனச் சமையல் நூல்' முதற்றொகுதி வெளியாயிற்று. இரண்டாம் தொகுதி 1974இலும் மூன்றாம் தொகுதி 1979இலும் தொடர்ந்தன. சீனமும் ஆங்கிலமும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்த இருமொழி நூல் அது. இவ்வமைப்பு தற்செயலானதன்று. 1954இற் கைச்சாத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்தின் கீழ் அமெரிக்கப் படையினர் தாய்வானில் தங்கியிருந்தனர். அவர்தம் மனைவியர் ஃபூவின் வகுப்புகளுக்கு வந்தனர். ஆங்கிலப் பக்கம் அவர்களுக்குப் பயன்பட்டது. ஆனால் நூலின் பயணம் அத்துடன் நிற்கவில்லை. உயர்கல்விக்காக அமெரிக்கா சென்ற தாய்வான் மாணவரும், அங்கு குடியேறிய குடும்பத்தினரும் அதனைப் பெட்டியில் வைத்துக் கொண்டு சென்றனர். சீனம் வாசிக்கத் தெரியாத அவர்களுடைய பிள்ளைகள் மறுபக்கத்தின் ஆங்கிலத்தை வாசித்துத் தாயின் சமையலைக் கற்றனர். ஒருமுறை பெயர்ந்தவர்களின் நூல், இரண்டாம் முறை பெயர்ந்தவர்களின் நூலாயிற்று.

முதற்றொகுதியின் பாகுபாடு ஆய்வுக்குரியது. சீன உணவு அங்கு கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என நான்கு திசைகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஷங்காய், கன்டன், சிச்சுவான், பீக்கிங் ஆகியன அத்திசைகளின் மையங்கள். அந்நான்கு இடங்களும் நூலாசிரியர் வாழ்ந்த அரசின் ஆட்சிக்கு வெளியே இருந்தன. அந்நூல் அச்சான தீவுக்கோ அப்பாகுபாட்டில் தனியிடம் இல்லை. சியாங் காய் ஷேக்கின் அரசு தன்னைச் சீனா முழுவதன் சட்டபூர்வமான அரசாகக் கூறிவந்தது. அரசியலில் நிலைநாட்ட முடியாதுபோன உரிமையைச் சமையல் நூல் உணவுத் தட்டில் நிலைநாட்டியது. இது ஃபூ திட்டமிட்டு எழுதிய அரசியல் என்று கொள்ளவேண்டியதில்லை. தாய்ப்பேயின் உணவகங்களே அவ்வாறு பிரிந்திருந்தன. அவருக்குக் கற்பித்தவர்களும் அம்மாகாணத்தவரே. ஆளும் கருத்துநிலை தனிமனிதரின் அனுபவத்தினூடாக இயல்பான உண்மைபோல் வெளிப்படும் விதத்துக்கு இது சிறந்த உதாரணமாகும்.

காலப் பின்னணி இதற்கு மேலும் வலுவூட்டுகின்றது. பெருநிலத்திற் கலாசாரப் புரட்சி 1966இல் ஆரம்பித்தபோது, தாய்வான் அரசு அதற்கு எதிராகச் 'சீனப் பண்பாட்டு மறுமலர்ச்சி' இயக்கத்தைத் தொடங்கியது. மரபின் உண்மையான காவலர் தாமே என்று உலகுக்குக் காட்டவேண்டிய தேவை அதற்கிருந்தது. 1971 ஒக்டோபரில் ஐக்கிய நாடுகள் தாபனத்திற் சீனாவின் ஆசனம் மக்கள் குடியரசுக்குச் சென்றது; 1979 தொடக்கத்தில் அமெரிக்காவும் தன் அங்கீகாரத்தை மாற்றிக்கொண்டது. தூதரகங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்ட காலத்திலே ஃபூ பல நாடுகளுக்குச் சென்று சமைத்துக் காட்டினார். 1970களின் பிற்பகுதியிலிருந்து யப்பானின் ஃபூஜி தொலைக்காட்சியில் யப்பானிய மொழியிலேயே கற்பித்தார். யப்பான் 1972இல் தாய்வானுடன் இராசதந்திர உறவை முறித்திருந்தது. கொடியும் தூதுவரும் செல்லமுடியாத இடத்துக்கு, குடியேற்ற ஆட்சியிற் கற்ற மொழியைக்கொண்டு ஒரு பெண் சென்றாள்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகும். பெருநிலச் சீனா தன் உணவு மரபை முற்றாகக் கைவிட்டது என்னும் தாய்வான் அரசின் பிரசாரத்தை நாம் ஏற்கவேண்டியதில்லை. 1950களின் பிற்பகுதி தொடக்கம் அங்கு புகழ்பெற்ற பதார்த்தங்களின் செய்முறைகள் தொழில்முறைச் சமையற்காரரிடமிருந்து சேகரிக்கப்பட்டுப் பல தொகுதிகளாக வெளியாயின. வேறுபாடு வாசகர் யார் என்பதிலேயே இருந்தது. அங்கு அரச உணவகத்தின் சமையற்காரர். இங்கு வீட்டின் இல்லத்தரசி.

6

இவ்வேறுபாடு நம்மை இக்கட்டுரையின் இரண்டாம் வினாவுக்கு இட்டுச் செல்கின்றது. பெண் விடுதலை பற்றிய சோசலிசச் சிந்தனையில் அடுக்களை ஒரு மையப் பிரச்சினையாகும். லெனின் 1919இல் எழுதிய 'மாபெரும் தொடக்கம்' என்னும் கட்டுரையிலே, பெண்ணை நசுக்கும் வீட்டு ஊழியத்திலிருந்து அவளை மீட்பதற்குப் பொது உணவுச்சாலைகளையும் குழந்தைக் காப்பகங்களையும் வழிகளாகக் காட்டினார். சீனாவில் 1958இல் மக்கள் கொம்யூன்கள் அமைந்தபோது பொதுச் சமையற்கூடங்கள் நாடெங்கும் திறக்கப்பட்டன. வீட்டு அடுப்புகள் அணைந்தன. ஆனால் கட்டாயமும் பொய்க் கணக்குகளும் அளவுமீறிய தானியக் கொள்முதலும் சேர்ந்து பெரும் பஞ்சத்தை விளைவித்தன. கோடிக்கணக்கானோர் மாண்டனர், 1961இல் பொது உணவுச்சாலைகள் கைவிடப்பட்டன. முற்போக்குச் சிந்தனையுடையோர் இவ்வரலாற்றை மறைக்காது எதிர்நோக்குதல் வேண்டும். வீட்டுழைப்பைச் சமூகமயமாக்கும் இலட்சியம் தவறென்று இதனாற் கொள்ளவேண்டியதில்லை. மக்களின் இசைவும் சனநாயகக் கட்டுப்பாடுமின்றி மேலிருந்து திணிக்கப்பட்டால் எந்த நல்லிலட்சியமும் அழிவுக்கு வழிவகுக்கும் என்பதே இது தரும் பாடம்.

மறுகரையில் தாய்வான் வேறு வழியைத் தெரிந்தது. அங்கு அடுக்களை தனி வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதற்குத் தொலைக்காட்சியின் பெருமை சேர்க்கப்பட்டது. நல்ல உணவு நல்ல குடும்பத்தின் அடையாளம், நல்ல குடும்பம் நல்ல தேசத்தின் அத்திவாரம் என்ற கருத்து வலியுறுத்தப்பட்டது. அதே காலத்திற் பெண்ணின் உழைப்பு வெளியேயும் வேண்டப்பட்டது. 1966இல் காவோசியுங் துறைமுகத்தில் ஏற்றுமதிப் பதனிடல் வலயம் அமைந்தபின் இளம் பெண்கள் ஆயிரக்கணக்கிற் தொழிற்சாலைகளுக்குச் சென்றனர். 1970களில் 'வரவேற்பறையே தொழிற்சாலை' என்னும் அரச இயக்கம், வீட்டிலிருந்த மனைவியரையும் ஏற்றுமதிப் பொருள்களைப் பொருத்தும் வேலையில் ஈடுபடுத்தியது. ஒரே பெண் பகலில் மலிவான கூலியுழைப்பையும் மாலையிற் கூலியற்ற உழைப்பையும் வழங்கவேண்டியவளானாள். தாய்வானின் பொருளாதார வளர்ச்சி பற்றிப் பேசுவோர் இவ்விரட்டைச் சுமையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

ஃபூ இம்முரண்பாட்டின் வெளியே நின்றவர் அல்லர். இல்லத்தரசிகளுக்குக் கற்பித்த அவர் இல்லத்தரசியாக வாழவில்லை. வகுப்பு, ஒளிபரப்பு, நூலாக்கம், வெளிநாட்டுப் பயணம் என அவருடைய நாள்கள் தொழில்முறைப் பெண்ணொருத்தியின் நாள்கள். மூன்று பிள்ளைகளை வளர்த்தவர் அவர். மூத்த மகள் செங் ஆன்சி பின்னாளிற் சமையல் நூலாசிரியராகத் தாயின் தொழிலைத் தொடர்ந்தார். கணவனின் குறைகூறலில் தொடங்கிய பயிற்சி அவருக்குச் சுயவருமானத்தையும் பொது மதிப்பையும் தந்தது. ஆயினும், உணவு யார் கடமை என்னும் வினாவை அவர் பொது அரங்கில் எழுப்பவில்லை. அடுக்களைவழியாகவே அடுக்களையைக் கடந்த அவர், தம் மாணவியருக்கு அடுக்களையையே காட்டினார்.

காலம் மாறியபோது அவரே அதற்கொரு விடையையும் தேடினார். வேலைக்குச் செல்லும் பெண்களுக்கு நேரமில்லை என்பதை உணர்ந்த அவர், உறையவைத்த உணவு, உடனடி நூடில்ஸ் ஆகியவற்றின் உற்பத்தியாளருக்கு ஆலோசகராகப் பணியாற்றினார். நான்கு திசைகளின் நுண்மையான சமையலைக் கற்பித்தவர் கொதிநீர் ஊற்றி உண்ணும் பொதிக்கு ஆலோசனை வழங்கியமையைச் சிலர் வீழ்ச்சியாகக் கருதலாம். அவ்வாறு கருதுவது பொருந்தாது. வீட்டுழைப்பைக் குறைக்கவேண்டும் என்பதை அவர் ஒப்புக்கொண்டமைக்கு இது சான்று. ஆனால் பொதுச் சமையற்கூடம் செய்யாததை இங்கு சந்தை செய்தது. இலாபமும் சந்தைக்கே சென்றது. ஆண் அடுப்படிக்கு வரவில்லை, பொதியே வந்தது.

7

ஃபூவின் நிகழ்ச்சி 2002 வரை தொடர்ந்தது. ஏறத்தாழ 4,000 பதார்த்தங்களை அவர் கற்பித்ததாகக் கூறப்படுகின்றது. தன்வரலாற்றை 2000இல் வெளியிட்ட அவர், 2004 செப்டெம்பரிற் காலமானார். அவருடைய வாழ்வைத் தழுவிய தொலைக்காட்சி நாடகம் 2017இல் ஒளிபரப்பாயிற்று. 2024இல் வரலாற்றாசிரியர் மிஷெல் கிங்கின் விரிவான ஆங்கில ஆய்வு வெளியாயிற்று. சமையற் கலைஞர் ஒருவர் வரலாற்றாய்வின் பொருளாதல் இன்று ஏற்கப்பட்டுவிட்டது.

அவர் வகுத்த வரைபடமோ அவர் வாழ்நாளிலேயே மாறியது. 1987 யூலையில் இராணுவச் சட்டம் நீங்கியது. அவ்வாண்டின் இறுதியிற் பெருநிலத்து உறவினரைக் காணச் செல்லும் அனுமதி கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் நினைவிலே காத்த ஊர் நேரிற் காணத்தக்க ஊராயிற்று. 2000 மே மாதத்தில் சென் சுய்பியன் சனாதிபதியாகப் பதவியேற்றபோது, அரச விருந்தில் அவருடைய பிறப்பிடமாகிய தாய்னான் பகுதியின் தெருக்கடை உணவுகள், பால்மீன் உருண்டைச் சாறும் கிண்ணத்தில் அவித்த அரிசிப் பதார்த்தமும், பரிமாறப்பட்டன. நான்கு திசைகளுக்குள் இடம்பெறாத தீவு மேசையின் நடுவில் வந்தமர்ந்தது. இன்று தாய்வானின் தேசிய உணவாகப் பலராலும் கருதப்படும் மாட்டிறைச்சி நூடில்ஸ், பெருநிலத்திலிருந்து வந்த படையினரின் குடியிருப்புகளில், சிச்சுவானின் நினைவும் அமெரிக்கக் கோதுமையும் கலந்து உருவானதென்பர். வந்தவரின் உணவு, இருந்தவரின் உணவு என்ற பிரிவினை ஒரு தலைமுறைக்குமேல் நிலைப்பதில்லை என்பதை இது உணர்த்துகின்றது.

தொகுத்து நோக்கின், ஃபூ பெய்மெய்யின் பணி இருமுகம் உடையது. தொழிற்குழுவின் இரகசியமாயிருந்த அறிவை அவர் பொதுவுடைமையாக்கினார். பெயரற்ற பெண்ணுழைப்புக்கு நுட்பமும் மதிப்பும் உண்டென்று இரு தலைமுறைக்குக் காட்டினார். நிலமிழந்தோர்க்குக் கையிலெடுத்துச் செல்லக்கூடிய ஒரு மரபைத் தந்தார். இவை நிலையான சாதனைகள். அதே வேளை, அம்மரபு ஆளும் அரசின் தேசியக் கற்பனைக்குள் அடங்கியது. தீவின் சொந்த மக்களின் உணவைப் புறத்தே நிறுத்தியது. அவ்வுழைப்புக்குரிய தோள் எது என்ற வினாவைத் தொடாதே விட்டது. இக்குறைபாடுகள் அவருடைய தனிப்பட்ட குறைகள் என்பதினும் அவர் வாழ்ந்த சமூகத்தின் எல்லைகள் எனல் பொருந்தும்.

பண்பாடு என்பதனைக் காவியத்திலும் கோயிலிலும் மட்டும் தேடும் ஆய்வுநோக்கு இத்தகைய வாழ்வுகளைக் காணத் தவறிவிடும். பெயர்ந்து சென்ற சமூகமொன்று தன் மொழியைப் பள்ளியிற் காக்க முயல்கின்றது. தன் சுவையை அடுப்பிற் காக்கின்றது. முன்னதற்கு ஆசிரியரும் சங்கங்களும் பாராட்டும் உண்டு. பின்னதைச் செய்தவர்களின் பெயர்களைச் சேகரிக்கும் பணி இன்னும் பெரும்பாலும் தொடங்கப்படவில்லை. அப்பணியை மேற்கொள்வோர், அவ்வுணவு எவ்வளவு சுவையானது என்று வியப்பதோடு அமையாது, அதனை ஆக்கிய கைகள் எத்தனை மணிநேரம் உழைத்தன, அதற்கு ஈடாக எதனைப் பெற்றன என்றும் கேட்டல் வேண்டும்.